மணல்ல காட்டுப்பூ வளர்க்கறப்போ வர்ற கோளாறும் அதுக்கு நான் பண்றதும்

உச்சிப்புளிப் பக்கம், வீட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் மணல் பூமி. ரெண்டு பக்கம் பனை, ஒரு பக்கம் தென்னை, கடல் நடந்து போற தூரம். இதுல நம்ம ஊர்ச் செடி மட்டும்தான் வளர்க்குறேன், ஆவாரை, தும்பை, துத்தி, எருக்கு, கொழிஞ்சி, கிலுகிலுப்பை, அடும்பு, விஷ்ணுகிராந்தி, சிறுபீளை. தேனீயும் பட்டாம்பூச்சியும் வரணும்ங்கறதுதான் ஆசை. கேக்குறவங்க எல்லாரும் "காட்டுச் செடிதானே, தானா வளரும், அதுல என்ன கோளாறு வரப்போகுது"ம்பாங்க, ஆனா வரும், நெறய வரும், ஏன்னா ரோட்டோரத்துல தானா வளர்ற செடியை நாம கூப்பிட்டு வந்து பாத்தில வச்சு ரோஜாவுக்குச் செய்யறதை எல்லாம் அதுக்கும் செய்யறோம். அதனால கண்ணுக்கு என்ன தெரியுதோ அதுலேர்ந்து ஆரம்பிச்சு எழுதிருக்கேன், உங்க செடில எது தெரியுதோ அதை மட்டும் படிச்சாப் போதும்.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன். செடி எப்படி வாடியிருந்தாலும் ஒடனே கை தண்ணிக்குப் போகக் கூடாது. என் கையில செத்த செடிங்கள்ல முக்காவாசி தண்ணி ஊத்திச் செத்ததுதான்.

விதை போட்டு ஒரு மாசம் ஆச்சு, ஒண்ணும் முளைக்கல

என்ன விதைன்னு மொதல்ல பாருங்க. ஆவாரை, கொழிஞ்சி, கிலுகிலுப்பை, அடும்பு இதெல்லாம் தோல் கெட்டியான விதை, தண்ணி உள்ளயே போகாது. அடும்பு விதை கடல்ல மிதந்து போயி இன்னொரு கரைல ஒதுங்கி முளைக்கிற ஜாதி, உப்புத் தண்ணியையே உள்ள விடாத தோலு நீங்க வாளில ஊத்துற தண்ணிக்கா எளகும்.

ஒரு டம்ளர்ல 10 விதை போட்டு ராத்திரி ஊற வைங்க. காலைல ஊதிப் பெருத்துருந்தா அது தயார். போட்டது போட்டபடியே கல்லு மாதிரிக் கிடந்தா தோலைக் கீறணும். உப்புத்தாள் எடுத்து விதையோட கண்ணு இருக்குற பக்கத்தை விட்டுட்டு அந்தாண்டைப் பக்கம் லேசாத் தேய்ங்க, மேல் நெறம் போயி உள்ள வெளுப்புத் தெரிஞ்சா நிறுத்திடணும். விதை நெறய இருந்தா தண்ணியைக் கொதிக்க வச்சு, அடுப்பை விட்டு எறக்கின பெறகு, அதுல விதையைப் போட்டு அப்படியே ஆற விட்டு மறுநாள் எடுங்க. அடுப்புல வச்சு வேக விட்டுறாதீங்க, சுண்டல் ஆயிடும்.

இங்கதான் எனக்குப் பெரிய அடி விழுந்துச்சு. ஒரு வருஷம் இருந்த ஆவாரை விதை அத்தனையையும் தேய்ச்சுப் போட்டேன், புரட்டாசில ரெண்டு நாள் நல்ல மழை, பாத்தி பூரா பச்சைப் பசேல்னு வந்துருச்சு, அதுக்கப்புறம் மூணு வாரம் சொட்டு மழை இல்ல, ஒண்ணு கூட மிஞ்சல. செடி ஏன் தோலை அவ்வளவு கெட்டியா வச்சிருக்குன்னு அப்பத்தான் வெளங்குச்சு. நம்ம ஊர் மழை ஏமாத்துற மழை, ஐப்பசி கார்த்திகைலதான் வருஷ மழையில பெரும்பங்கு வரும், அதுக்கு முன்னாடி வர்ற ஒரு தூத்தலை நம்பி எல்லா விதையும் முளைச்சா வம்சமே போயிடும்னுதான் கொஞ்சம் கொஞ்சமா முளைக்குற மாதிரி வச்சிருக்கு. அதனால இப்ப பாதி விதையைத்தான் தேய்ப்பேன், மீதிப் பாதியை அப்படியே கலந்து போட்டுருவேன். மொத மழைல வர்றது வரட்டும், அது போச்சுன்னா அடுத்தது மண்ணுக்குள்ள காத்துக்கிட்டுருக்கும்.

எப்பப் போடறதுன்னா, மண்ணை ஒரு சாண் தோண்டிப் பாருங்க, அடி வரைக்கும் ஈரம் எறங்கியிருந்தா போடலாம். மேல மட்டும் நனைஞ்சு அடில புழுதியா இருந்தா இன்னும் பொறுங்க.

தும்பை, சிறுபீளை கதை நேர் எதிரு. பொடி விதை, ஆழமாப் புதைச்சா வெளிய வராது. ஒரு பிடி விதைக்கு நாலு பிடி மணல் கலந்து தூவி, உள்ளங்கையால அமுக்கி விட்டாப் போதும். சாயங்காலம் தூவுங்க, மழை வரப்போற நாளாப் பாத்து. வெயில்ல தூவி விட்டு வச்சா எறும்பு வரிசை கட்டி எடுத்துட்டுப் போயிரும், முளைக்கலைன்னு நெனச்சுட்டு இருப்போம், விதையே அங்க இருக்காது.

இன்னொண்ணு, பக்கத்துல சீமைக்கருவேலம் இருந்தா அதோட சருகு விழுற எடத்துல வேற விதை சரியா எழும்பாது. மேல வெட்டி விட்டா மறுபடி தழைஞ்சுட்டே இருக்கும், தூரோட தோண்டி எடுத்து, சருகையும் கூட்டி அள்ளிட்டுப் போடுங்க.

முளைச்சு ரெண்டு எல விட்டுச்சு, அப்புறம் சாஞ்சிருச்சு

தண்டோட அடிப்பக்கம் பாருங்க. நூல் மாதிரி சூம்பி, தண்ணி கோத்துக் கிடந்தா ஈரம் ஜாஸ்தி, அழுகல். தண்ணியை நிறுத்துங்க, நெருக்கமா இருக்குறதைக் களைங்க, எரு போட்டிருந்தா அள்ளிடுங்க. அடில பழுப்பு வளையம் மாதிரி சுட்டிருந்தா அது மணல் சூடு, மத்தியான வெயில்ல நம்ம மணல் காலையே வைக்க விடாது, அந்தத் தண்டு என்ன பண்ணும். பனை ஓலையை ரெண்டாக் கிழிச்சு மேக்குப் பக்கம் சாய்வாக் குத்தி வைங்க, ரெண்டு வாரம் நெழல் போதும்.

கவர்ல வளர்த்து நடறவங்களுக்கு: ஆவாரைக்கும் எருக்குக்கும் ஆணிவேரு, கவர் அடியைத் தொட்டுச் சுருண்டுக்கும். சுருண்டது நட்ட பெறகு நேராகாது, மொத கோடைலயே போயிரும். நாலு எல இருக்குறப்பவே நட்டுடணும், முடிஞ்சா நேரடி விதைப்பு.

எல ஓரம் கருகுது

கரைப்பக்கம் அதிகமாப் பாக்குற கோளாறு இது, தப்பா வைத்தியம் பாக்குறதும் இதுலதான் அதிகம். கருகுதுன்னதும் தண்ணி பத்தலைன்னு இன்னும் ரெண்டு வாளி ஊத்துவோம், அது நெருப்புல எண்ணெய் ஊத்தற மாதிரி. உப்புதான் காரணம், ஆனா உப்பு ரெண்டு வழில வருது, எந்த வழின்னு தெரிஞ்சாத்தான் சரி பண்ண முடியும்.

செடியைச் சுத்தி வந்து பாருங்க. கடலைப் பாத்த பக்கம் மட்டும் கருகி, மறுபக்கம் பச்சையா இருந்தா காத்துல வர்ற உப்பு. எலையை நாக்கு நுனில வச்சா கரிக்கும். கச்சான், அதாவது தென்மேக்குக் காத்து, அடிக்கிற வைகாசிலேர்ந்து ஆவணி வரைக்கும் மன்னார் வளைகுடாப் பக்கம், கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் இங்கெல்லாம் இது இருக்கும். வாடை அடிக்கிற ஐப்பசி மார்கழில தொண்டி, தேவிபட்டினம்னு பாக் நீரிணைப் பக்கம். பாம்பன், தங்கச்சிமடம்காரங்களுக்கு ரெண்டும் உண்டு. இதுக்கு நல்ல தண்ணியை எல மேல தெளிச்சு அலசி விட்டா அப்போதைக்குச் சரியாகும், ஆனா நெரந்தரம்னா காத்தைத் தடுக்கணும். சுவர் எழுப்பாதீங்க, சுவத்துல மோதுற காத்து மேல ஏறிச் சுழண்டு அந்தாண்ட செடி மேலயே விழும். பனை ஓலைப் படல்தான் சரி, பாதிக் காத்தை விட்டுப் பாதியை மறிக்கும். அதோட நடற வரிசையும் முக்கியம், கடலுக்குப் பக்கத்துல அடும்பு, அதுக்கடுத்து எருக்கு, அதுக்குப் பின்னாடி ஆவாரை, தும்பை கடைசில. அடும்பு அலை தெறிக்கிற எடத்துலயே படர்ற கொடி, சங்கப் பாட்டுலயே அதோட எலையை மான் குளம்புக்கு ஒப்பாச் சொல்லிருக்காங்க, நெய்தல் நெலத்துச் சொந்தக்காரி. தும்பை அப்படி இல்ல, உப்புப் பட்டா மொதல்ல சுருண்டுடும்.

செடி சுத்தி எல்லாப் பக்கமும், அதுவும் அடி எலை மொதல்ல, நுனிலேர்ந்து உள்நோக்கிக் கருகிட்டு வந்தா அது தண்ணில வர்ற உப்பு. மண்ணு மேல வெள்ளையா உப்புப் பூத்திருக்கான்னு பாருங்க. நம்ம மணல்ல ஊத்து எப்படின்னா, மழைல எறங்குன நல்ல தண்ணி அடில இருக்குற உப்புத் தண்ணி மேல மெதந்துக்கிட்டு நிக்குது, அதனாலதான் கரைலயே கையால தோண்டுற ஊத்துல குடிக்கிற தண்ணி கெடைக்குது. மோட்டார் போட்டு விறுவிறுன்னு உறிஞ்சினா மேல இருக்குற நல்ல தண்ணி தீர்ந்து அடி உப்பு ஏறிடும். கார்த்திகைல இனிக்கிற அதே கெணறு ஆனில கரிக்கிறதும் இதனாலதான்.

கணக்குப் போட்டுப் பாருங்க. கடல் தண்ணில லிட்டருக்கு ஏறக்கொறைய 35 கிராம் உப்பு. உங்க கெணத்துல பத்துல ஒரு பங்கு கலந்துட்டாலே லிட்டருக்கு மூணரை கிராம். ஒரு செடிக்கு 5 லிட்டர் ஊத்துறீங்க, தண்ணி ஆவியாப் போயிரும், 17 கிராம் உப்பு வேருகிட்டயே தங்கிரும், அதாவது ஒரு பெரிய ஸ்பூன் உப்பை நாமளே செடிக்குப் போட்ட கணக்கு. தெனம் ஊத்தினா தெனம் ஒரு ஸ்பூன்.

அதனால தெனம் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தறதை நிறுத்திட்டு, நல்ல தண்ணி கெடைக்கிற அன்னைக்கு ஒரே தடவையா நெறய விடுங்க, உப்பு கரைஞ்சு வேருக்குக் கீழ எறங்கிரும். மணல்ல இது நல்லாவே வேலை செய்யும். ஊத்துல எறைக்கிறதா இருந்தா விடியக்காலைல, ராத்திரி பூரா ஊறி நிக்கிறப்போ, மேல் தண்ணியை மட்டும் வாளில மொண்டு எடுங்க. களிமண் இருக்குறவங்களுக்கு இந்த வைத்தியம் பலிக்காது, தண்ணி எறங்காம நின்னு இன்னும் கெடுக்கும். அவங்க வரப்பு மாதிரி மண்ணைக் கூட்டி, வரப்போட உச்சில நடாம தோள்பட்டைல நடுங்க, ஈரம் ஏறி உச்சிலதான் உப்பு வந்து சேரும். ஜிப்சம் போடுங்கன்னு எல்லாருக்கும் சொல்றாங்க, அது களர் மண்ணுக்கு, அதாவது சோடியம் ஏறி இறுகிப் போன மண்ணுக்கு, மண் பரிசோதனை பண்ணிட்டுப் போடறது. வெறும் உப்பு ஏறுன மணலுக்கு அதால ஒரு பிரயோஜனமும் இல்ல.

அடும்பு வேணும்னு கரைல மேட்டுல இருக்குற கொடியை வேரோட பிடுங்கிட்டு வராதீங்க, மணல் மேட்டைப் பிடிச்சு வச்சிருக்கறதே அதும் ராவணன் மீசைப் புல்லும்தான், பங்குனி ஆமையும் அங்கதான் முட்டை வைக்கும். ரெண்டு மூணு கணு இருக்குற துண்டு ஒண்ணு போதும், ஈர மணல்ல வச்சா பிடிச்சுக்கும். மன்னார் வளைகுடாத் தீவு 21ம் 1986லேர்ந்து தேசியப் பூங்கா, அங்கேர்ந்து ஒரு விதை கூட எடுக்கக் கூடாது.

செடி புதரா இருக்கு, பூவே இல்ல

எரு போட்டீங்களா? போட்டிருந்தா அதுதான். ஆட்டுப் புழுக்கையும் பஞ்சகவ்யமும் கத்திரிக்கு நல்லது, ஆவாரைக்கும் எருக்குக்கும் வேணாம், எலையா விட்டுட்டுப் போகும். கொழிஞ்சியும் கிலுகிலுப்பையும் காத்துலேர்ந்து தழைச்சத்தைத் தானே பிடிச்சுக்கும், அதுங்களுக்குக் குடுக்கவே வேணாம். எருவையும் தண்ணியையும் நிறுத்திட்டுக் காத்திருங்க. தென்னை நெழல்ல இருந்தாலும் பூக்காது, அதுக்கு எடத்தை மாத்தணும், அதாவது வேற எடத்துல புதுசா விதைக்கணும்.

பூக்குது, நீங்க பாக்கலைங்கறதும் உண்டு. துத்தி சாயங்காலம்தான் விரியும். விஷ்ணுகிராந்தி காலைல விரிஞ்சு உச்சி வெயிலுக்குள்ள மூடிக்கும், அடும்பும் காலைப் பூதான். ஆபீஸ் போயிட்டு ஆறு மணிக்கு வந்து பாத்துட்டுப் பூக்கலைன்னு வருத்தப்படாதீங்க, ஒரு ஞாயித்துக்கிழமை காலைல எந்திரிச்சுப் பாருங்க.

பூ நெறய இருக்கு, ஒரு தேனீ கூட வரல

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது. மொதல்ல, யாருக்காகக் காத்திருக்கீங்கன்னு தெரிஞ்சுக்கணும். ஆவாரம்பூல தேனே கெடையாது, மகரந்தம் மட்டும்தான், அதுவும் கொட்டிக் கெடக்காது, மகரந்தப் பை மூடியிருக்கும், நுனில மட்டும் சின்ன ஓட்டை. அடுக்குத்தேனீ வந்து தேனுக்குத் தடவிப் பாத்துட்டுப் போயிரும். அதுக்கு வர்றது கருவண்டு, பனை உத்திரத்துல ஓட்டை போடுமே அதுதான். அதுவும் தேனீ ஜாதிதான், எங்க அப்பத்தா அதைப் பாத்தா வெளக்கமாறு எடுத்துட்டு வரும், நானும் சின்ன வயசுல அடிச்சிருக்கேன்.

மாசில ஒரு காலை 7 மணி சுமாருக்கு ஆவாரைக்கிட்ட ஒக்காந்து பாருங்க. கருவண்டு உர்ர்ருனு பறந்து வரும், அது ஒரு சத்தம். பூ மேல ஒக்காந்ததும் சத்தம் நின்னுரும். அப்புறம் மகரந்தப் பையைக் கால்ல கட்டிப் பிடிச்சுக்கிட்டு, றெக்கையை மடிச்சபடியே ஒடம்பை மட்டும் அதிர விடும், இப்ப வேற சத்தம், மெல்லிசா, கூர்மையா, ஒரு நொடி இருக்கும், அந்த அதிர்ச்சில நுனி ஓட்டை வழியா மஞ்சப் பொடி அதோட வயித்து மேல பீச்சும். பூவே நடுங்கும். நீளமான ஒரு தண்டு ஒரு பக்கமா வளைஞ்சு நிக்கும் பாருங்க, அது வண்டோட விலாவுல தொட்டு இன்னொரு பூவுலேர்ந்து வந்த பொடியை வாங்கிக்கும். கண்டங்கத்திரிலயும், ஏன் நம்ம கத்திரி தக்காளிலயும் இதே வித்தைதான் நடக்குது. வண்டு இல்லாத எடத்துல ஆவாரை காய் கொறைவாப் பிடிக்கும்.

அப்ப கருவண்டு வரணும்னா அதுக்கு வீடு வேணும். இத்துப் போன பனங்கட்டை, காஞ்ச மூங்கில் இதையெல்லாம் எரிக்காம ஒரு மூலைல மழை படாம சாத்தி வைங்க. நீலப்பட்டைத் தேனீ மாதிரி மண்ணுல குழி போட்டு வாழற தேனீங்களும் நெறய, அதுங்களுக்கு ஒரு பாய் விரிக்கிற அளவு வெறும் மண்ணை மூடாக்குப் போடாம, கொத்தாம விட்டு வைங்க. கொம்புத்தேனீ முள்ளுப் புதர்ல ஒரே ஒரு அடை கட்டும், உடைமரம் ஒண்ணு இருந்தா நல்லது. தட்டுல கூழாங்கல் போட்டு நல்ல தண்ணி வைங்க, கோடைல அதுக்காகவே வரும்.

எப்படி நட்டிருக்கீங்கன்னும் பாருங்க. இங்க ஒரு தும்பை அங்க ஒரு தும்பைன்னு இருந்தா தேனீக்குக் கட்டுபடியாகாது, ஒரே ஜாதியை ஒரு கட்டில் அளவு எடத்துல மொத்தமா வைங்க. காத்து பலமா அடிக்கிற எடத்துல தேனீ நிக்காது, படலுக்குப் பின்னாடி வைக்கணும். சீமைக்கருவேலமும் தென்னையும் பூத்துக் கெடக்குறப்போ தேனீக்கூட்டம் அங்க போயிரும், அது உங்க செடியோட கொறை இல்ல, அந்த நேரத்துலயும் கருவண்டும் பட்டாம்பூச்சியும் வரும்.

அப்புறம் மருந்து. ஒரு நர்சரில வாங்குன கன்னு, அழகாப் பூத்துச்சு, ரெண்டு மாசம் ஒரு பூச்சி கூட அண்டல. விசாரிச்சா வேர்ல இமிடாகுளோப்ரிட்ங்கற பூச்சி மருந்தை ஊத்திக் குடுத்துருக்காங்க. அது செடி பூரா பரவி மகரந்தத்துலயும் தேன்லயும் வந்துரும். அதுலேர்ந்து பூச்செடிக் கன்னு வெளிய வாங்குறதே இல்ல, விதைதான். பக்கத்துல முண்டு மிளகாய்க் கொல்லை இருந்தா மருந்தடிக்கிறவரைக் கையெடுத்துக் கேட்டுக்கங்க, காத்தில்லாத சாயங்காலமா அடிங்கண்ணேன்னு. எங்க பக்கத்துக் கொல்லைக்காரர் கேட்டுக்கிட்டார், இப்ப தேனீ வீடு திரும்புன பெறகுதான் அடிக்கிறார்.

எலையெல்லாம் புழு தின்னுடுச்சு

பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தாண்டேர்ந்து கூப்பிட்டாங்க. "ஏப்பா, எருக்குல புழு மொய்க்குது, மருந்து ஏதும் அடிக்கலையா?"

"அது பட்டாம்பூச்சிக் குட்டிக்கா, விடுங்க."

"இதுவா?"

கருப்பும் வெள்ளையும் வளையம் வளையமா, நடுவுல மஞ்சப் பொட்டு, முதுகுல மூணு ஜோடி கருப்புக் கொம்பு. எருக்கம்பாலோட வெஷத்தை ஒடம்புல ஏத்தி வச்சுக்கிட்டுப் பறவைக்குப் பிடிக்காத மாதிரி ஆயிக்கும். பத்துப் பதினஞ்சு நாள் தின்னுட்டு எலைக்கு அடில பச்சைக் கூடாத் தொங்கும், கொஞ்ச நாள்ல ஆரஞ்சு றெக்கை, நுனில கருப்பும் வெள்ளையுமா வெளிய வரும். அக்காவைக் கூப்பிட்டுக் காமிச்சேன், இப்ப அவங்க பேத்திதான் தெனம் வந்து எண்ணுது.

ஆவாரைல பச்சைப் புழு, பக்கவாட்டுல கோடு போட்டு இருந்தா அது வெளிர் மஞ்சள் பட்டாம்பூச்சியோடது. செடி மொட்டை ஆனாலும் கவலைப்படாதீங்க, மழைக்கு மறுபடி தழைச்சுக்கும். ஆனா ரெண்டு எல விட்ட கன்னுல இருந்தா புழுவைக் கையால எடுத்துப் பெரிய செடில விட்டுருங்க. எருக்கு நுனில மஞ்சளா அசுவினி மொய்ச்சாலும் மருந்து வேணாம், பொறிவண்டு வந்து பாத்துக்கும். எலையை வட்டமா வெட்டி எடுத்த மாதிரி இருந்தா அது எலைவெட்டித் தேனீ, கூட்டுக்கு மெத்தை போட எடுத்துட்டுப் போகுது, வந்துட்டாங்கன்னு சந்தோஷப்படுங்க.

சித்திரைல எல்லாம் காஞ்சிருச்சு

எது காஞ்சுச்சு? தும்பை காஞ்சா அது ஆயுசு முடிஞ்சது, மழைல வந்து கோடைக்கு முன்னாடி விதை விட்டுட்டுப் போற செடி. பிடுங்கி எரிச்சுறாதீங்க, நின்ன எடத்துலயே உதிரட்டும். ஆவாரை எலை உதுத்தா குச்சியை நகத்தால கீறிப் பாருங்க, உள்ள பச்சை இருந்தா உசுரு இருக்கு. ஒரு வருஷம் தாண்டுன செடிக்கு ஒண்ணும் ஊத்த வேணாம், மொத வருஷக் கன்னுக்கு மட்டும் 15 நாளுக்கு ஒரு தடவை நல்ல தண்ணி ஒரு வாளி.

இந்த நேரத்துல பண்ண வேண்டியது விதை எடுக்கறதுதான். ஆவாரை நெத்து பழுப்பாகி, காதுகிட்ட ஆட்டினா கலகலன்னு கேக்கணும். ஒவ்வொரு நெத்தையும் வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, குண்டூசி அளவு ஓட்டை இருந்தா உள்ள வண்டு தின்னுருக்கும், அதைத் தனியாப் போட்டுருங்க. நல்லதை ரெண்டு நாள் நெழல்ல காய வச்சு, அடுப்புச் சாம்பல் கலந்து, மூடி இறுக்கமான டப்பால, எந்த மாசம் எடுத்ததுன்னு ஒரு சீட்டு எழுதி உள்ள போட்டு வைங்க, புரட்டாசி முடியறப்போ தேவைப்படும்.